கொசுறு

பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிடுவதா, தொட்டுச் சாப்பிடுவதா என்பதில் எங்கள் வீட்டில் பத்தொன்பது வருடமாகத் தகராறு உண்டு. நான் தொட்டுச் சாப்பிடுகிறவன். விஜி பிய்த்துப் போட்டு, குளமாக ஊற்றி, பரோட்டா நீந்தும்வரை காத்திருந்து சாப்பிடுகிறவள். நீங்கள் வந்துதான், தொட்டுக்கொண்டால் எண்பது கலோரி மிச்சம் என்று எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னீர்கள். இத்தனை வருடத்தில் என் பக்கம் பேசிய முதல் ஆள் நீங்கள். அன்றைக்கே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது, காவியா.

சித்திரையிலிருந்து ஐப்பசி வரை விஜி சாப்பிட்டதையெல்லாம் அவளே நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறாள். "அக்கா சாப்பிட்டது எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி. நீங்க போட்டதை எழுதிக் கொடுங்க" என்று முந்தாநாள் என் கடைக்கு வந்து சொன்னீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று கண்டுபிடித்ததற்கே உங்களுக்கு ஒரு டின் நல்லெண்ணெய் தரலாம். எழுதுகிறேன். மத்தியானம் கடையில் கூட்டம் கிடையாது. மின்விசிறி ஓடுகிறது, பேனாவும் எழுதுகிறது.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மெயின் ரோட்டுக்குப் பின்னால் அப்பா வைத்த எண்ணெய்க்கடை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பின்கட்டில் மாட்டுக்குப் புண்ணாக்கு. பூவனநாதன் கடை என்றால் விளாத்திகுளம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கும் தெரியும். என் தராசில் ஒரு கிராம் குறைந்தது என்று ஒருவரும் சொன்னது கிடையாது. காலையில் கடை திறந்ததும் தராசைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் சாமிக்கே ஊதுபத்தி.

கடைக்காரனுக்கு இரண்டு பழக்கங்கள் ரத்தத்தில் ஊறியவை. ஒன்று, இல்லை என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது. சரக்குத் தீர்ந்துபோயிருந்தாலும் 'நாளைக்கு வரும்' என்பதுதான் பேச்சு. எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு அம்மாளிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். அப்பா என் தலையில் குட்டிய குட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. "ஏலே, அந்தச் சொல்லு வாயில வந்தா கடையில தங்கிரும்லே" என்றார். அதற்குப் பிறகு நாற்பது வருடமாக அதை நான் யாரிடமும் சொன்னதே கிடையாது. பந்தியில் இன்னொரு கரண்டி பாயசம் வேண்டுமா என்று கேட்டால்கூட, 'பொறவு வாங்கிக்கிடுதேன்' என்பேன். அதனாலேயே என்னைத் தங்கமான மனுசன் என்று ஊரில் சொல்வார்கள்.

இரண்டாவது பழக்கம் கொசுறு. எடை போட்டு முடித்த பிறகு கையில் கொஞ்சம் அள்ளிச் சும்மா போடுவது. அது எடையிலும் சேராது, பேச்சிலும் சேராது. கொசுறு போடாத கடைக்காரனை எங்கள் பக்கம் மனுசனாகவே மதிக்க மாட்டார்கள்.

இனி மாயகிருஷ்ணன். விஜியின் தம்பி, முப்பத்தெட்டு வயது. தீப்பெட்டி லோடு ஏற்றுகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய், வாரத்தில் மூன்று நாள் ஊசியும் குழாயுமாகப் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அவன் மனைவி சுகுணாவுக்கு ரத்த வகை சேரவில்லை. விஜிக்குச் சேர்ந்தது. தாய் செத்துப்போன வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் விஜிதான். எங்களுக்குக் குழந்தை கிடையாது. அவளுக்கு அவன் போதும் என்றிருந்தது. எனக்கு அவள் போதும் என்றிருந்தது. கணக்கு அந்த இடத்தில்தான் கொஞ்சம் இடிக்கிறது.

சித்திரையில் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: எல்லாம் சரி, எடைதான் கூட. ஐந்தடி உயரத்துக்கு எழுபத்தெட்டு கிலோ நானூறு கிராம். எழுபதுக்குக் கீழே வந்தால் ஆபரேஷனுக்குத் தேதி தருகிறோம், ஒரு நாலைந்து மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். விஜி உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, பயமா இருந்தா யோசிச்சிச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"என்ன பயம்? ஒண்ணே போதும்னுதான சொல்லுதீங்க. அப்ப ரெண்டாவது கொசுறுதான? அதைத் தம்பிக்குக் கொடுத்துட்டுப் போறேன்" என்றாள் விஜி.

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டுமாம். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார் டாக்டர். அந்த அறையில் அப்போது நான் சொல்ல வேண்டிய ஒரே ஒரு சொல் இருந்தது. நான் சொன்னது, "தாராளமா."

கையெழுத்துப் போட்டேன். உங்க வீட்டுக்காரர் மாதிரி பத்து பேரு இருந்தா நல்லாருக்கும் என்று நர்ஸ் விஜியிடம் சொன்னாள். விஜிக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வரும்போது சாத்தூர் தாண்டி டீ குடிக்க இறங்கினோம். விஜியும் சுகுணாவும் கொஞ்சம் தள்ளிப் போனதும் மாயகிருஷ்ணன் என் பக்கம் வந்தான். முகம் வீங்கி அதைத்து, கண் சின்னதாகிப் போயிருந்தது.

"அத்தான், ஒங்களுக்கு மனசு இல்லன்னா எங்கிட்ட மட்டும் சொல்லிருங்க. அக்காட்ட நான் பேசிக்கிடுதேன். ஆஸ்பத்திரியில பேரு பதிஞ்சு வைக்கச் சொல்லுதாங்க. செத்தவங்களோடது வந்தா வரிசைப்படி கொடுப்பாங்களாம். நான் அதுல பதிஞ்சிக்கிடுதேன்."

"கிறுக்கா, என்னத்துக்கு வரிசை? அக்கா இருக்கையில நீ போயி வரிசையில நிக்கப் போறியா?" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். டீக்கடைக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பேர் பதியாமலே இருந்துவிட்டான். பதிந்திருந்தாலும் ஆறு மாதத்தில் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. நியாயமாகப் பேசினால் அப்படித்தான்.

பிறகு எடை குறைக்க வழி சொல்ல நீங்கள் வந்தீர்கள். டாக்டரம்மா என்று கூப்பிட்டேன். "நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி, டயட்டீஷியன்" என்றீர்கள். அவ்வளவு சுலபமாக அந்தச் சொல்லை நீங்கள் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உங்கள் அட்டவணையைப் பார்த்து விஜி அழாத குறை. ஓட்ஸ் கஞ்சியை அவள் சுவரொட்டி ஒட்டுகிற பசை என்று சொன்னாள். அதற்காக நீங்கள் கோபப்படவில்லை. ஓட்ஸை அடித்துவிட்டுக் கம்பங்கூழ் என்று எழுதினீர்கள். எண்ணெய் ஒரு நாளைக்கு மூன்று ஸ்பூன் என்று எழுதும்போது, எதிரே எண்ணெய்க்கடைக்காரன் உட்கார்ந்திருக்கிறேனே என்று ஒரு தரம் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

கடைசியாக விஜி கேட்டாள், "அப்ப பரோட்டா?"

எல்லோரும் போல நிறுத்தச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு மாதம் தாங்கும், இரண்டாம் மாதம் ஒளித்துச் சாப்பிடத் தோன்றும், அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதற்கென்று நானூற்றைம்பது கலோரி ஒதுக்கிவிடலாம் என்றீர்கள். ஒரு பரோட்டா, ஒரு அவித்த முட்டை, ஒரு தட்டு வெள்ளரிக்காய். அல்லது அரைப் பிளேட் சிக்கன் ஃப்ரைடு ரைஸ். வெள்ளரிக்காய் முதலில், பரோட்டா பிறகு. சால்னாவில் மிதக்கிற எண்ணெயை வடித்துவிட வேண்டும். குடிக்கிற பாட்டில் கலர் கூடாது. அன்றைக்கு மத்தியானம் சோறு பாதி. பாஸ்ட் புட் கடைக்குப் போகிறவர்கள் குண்டாகிறார்கள் என்பது தப்பு, எண்ணாமல் போகிறவர்கள்தான் குண்டாகிறார்கள் என்றீர்கள். என் அப்பா உயிரோடு இருந்தால் உங்களுக்குக் கடையில் ஒரு பங்கு தந்திருப்பார்.

எடை பார்க்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கண்ணுசாமி கடையில் பார்சல் வாங்கி வந்து, வீட்டுக்கென்று வைத்திருந்த சின்னத் தராசில் விஜியின் முன்னாலேயே பரோட்டாவை எடை போடுவேன். தொண்ணூறு கிராம். கூடினால் ஓரத்தைப் பிய்த்து நான் தின்றுவிடுவேன். திங்கட்கிழமை காலை அவள் கடைக்கு வந்து, மூட்டை போடுகிற பெரிய தராசில் ஏறி நிற்பாள். வளையலைக் கழற்றி, செருப்பைக் கழற்றி, ஒரு தரம் கொண்டை ஊசியையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். புண்ணாக்கு மூட்டைகளைப் பார்த்தபடி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"மூச்சைப் பிடிச்சா எடை குறையாதுட்டி" என்பேன்.

"நீங்க நம்பரை மட்டும் சொல்லுங்க" என்பாள்.

மூன்றாவது திங்கட்கிழமை எழுபத்தாறு கிலோ நூறு. இறங்கி வந்து அங்கேயே, இரண்டு கூலியாட்கள் பார்க்க, என் கன்னத்தைக் கிள்ளினாள். உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "ரெண்டேகால் கிலோ போயிருச்சு மாயா. ஆவணிக்குள்ள வந்திருவேன்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே அவள் வளையல்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் ஆறு கிலோ, பிறகு கத்தி என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. அவளைச் சக்கரக்கட்டிலில் தள்ளிக்கொண்டு ஒரு கதவுக்குள் போவார்கள், நான் வெளியே ஸ்டீல் நாற்காலியில் இருப்பேன். ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் எல்லோரையும் உள்ளே கொண்டுபோகிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது, காவியா. அதற்கு மேல் அதை அலங்காரமாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருடன் சண்டை போடுவேன்?

அந்த வாரம் கம்பு மாவு தீர்ந்திருந்தது. மில்லுக்கு நான்தான் போனேன், அதற்குப் பிறகும் ஒவ்வொரு தரமும் நான்தான். மூன்று படி கம்புக்கு ஒரு படி வறுத்த வேர்க்கடலை சேர்த்து அரைக்கச் சொன்னேன். கம்பின் வாசனை தூக்கலாக இருப்பதால் கடலை தெரியாது. வீட்டுக்கு வந்து மாவை அவள் முன்னால் எடை போட்டுத்தான் டப்பாவில் கொட்டினேன். எடை சரியாக இருந்தது.

அடுத்து மோர். வெண்ணெய் எடுத்த மோர் என்று எழுதியிருந்தீர்கள். நான் கொண்டுவந்தது வெண்ணெய் எடுக்காத மோர். நன்றாகக் கடைந்து தண்ணீர் விட்டால் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடித்தாள். பசிக்கு நல்லது என்று நீங்கள் சொன்னதால் சில நாள் ஐந்து.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கண்ணுசாமி கடைக்கு எண்ணெய் போவது என் கடையிலிருந்துதான். விஜிக்குப் போடுகிற பரோட்டாவுக்கு மட்டும் மாவில் இன்னொரு கை எண்ணெய் விட்டுப் பிசையச் சொன்னேன்.

"மதினி டயட்டுல இருக்காவன்னு சொன்னாங்களே அண்ணாச்சி?" என்றான் கண்ணுசாமி.

"டயட்டுக்குத்தான்" என்றேன்.

"என்ன டயட்டோ" என்று தலையைச் சொறிந்தான். எண்ணெய் என்னுடையது, வீட்டுக்காரி என்னுடையவள், அவனுக்கென்ன? அதே தொண்ணூறு கிராமுக்குள்தான் எல்லாம். சால்னாவில் மிதக்கிற எண்ணெயை நீங்கள் சொன்னபடி அவள் பார்க்கக் கரண்டியால் வடித்துக் கிண்ணத்தில் எடுப்பேன். அவள் கை கழுவப் போவாள். அந்தக் கிண்ணத்தைத் திரும்ப ஊற்றிக் கலக்குவேன். மேலே ஒரு ஸ்பூன் கொசுறு. விஜி திரும்பி வந்து வெள்ளரிக்காயை முதலில் கடித்து முடிப்பாள், உங்கள் மேல் அவ்வளவு பயபக்தி. பிறகு ஒவ்வொரு துண்டாகத் தொட்டுத் தின்பாள். "இப்பத்தாங்க தெரியுது, கம்மியாத் தின்னா எம்புட்டு ருசின்னு" என்று ஒரு நாள் சொன்னாள். ருசியாகத்தான் இருந்திருக்கும்.

பெரிய தராசில் நான் கை வைத்ததே கிடையாது. வைத்திருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும், இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம். ஆனால் எடையில் பொய் சொல்வது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லாத காரியம். அவள் கண்ட நம்பர் ஒவ்வொன்றும் உண்மையான நம்பர். நான் செய்ததெல்லாம் எடைக்குப் பிறகு போட்டதுதான்.

ஆனியில் எழுபத்தேழு ஐநூறு. ஆடியில் எழுபத்தேழு எண்ணூறு. விஜி மத்தியானச் சோற்றை நிறுத்தினாள், கூழ் மட்டும் குடித்தாள். கூழில் நான் இருந்தேன். காலையில் கதிரேசன் மலைப் படி ஏற ஆரம்பித்தாள். முழங்கால் வீங்கியது. நல்ல ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்தேன், மெத்தென்று இருக்கும், நீலக் கலர். எல்லோரிடமும் காட்டினாள். அவள் ஒரு மணி நேரம் ஏறி இறங்கிக் கரைத்ததை நான் அன்றைய மோரிலேயே திருப்பிக் கொடுத்தேன். போட்டி என்று பார்த்தால் அவள் பாவம். எதிராளி யார் என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் உங்கள் முன்னால் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டீர்கள், "அக்கா, இதுல எழுதாம எதும் சாப்பிடுதீங்களா? திட்ட மாட்டேன். மறைக்காம சொல்லுங்க."

உங்கள் மேல் தப்பு கிடையாது. இப்படி எழுதியிருக்கிற ஒருத்திக்கு எடை குறையவில்லை என்றால் யாரும் அதைத்தான் கேட்பார்கள். விஜி ரொம்ப நேரம் யோசித்தாள். கழுகுமலையில் ஒரு கல்யாண வீட்டில் கடலை மிட்டாய் ஒரு துண்டு தின்றதை ஒப்புக்கொண்டாள். பிறகு இன்னும் யோசித்து, எண்ணெய்ச் சட்டியைக் கழுவும்போது ஒரு அப்பளத் துண்டு கிடந்ததை வாயில் போட்டதையும் சொன்னாள். அத்தோடு அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கே தெரியலயே காவியா. நான் எப்பத் தின்னேன், என்னத்தைத் தின்னேன்?" என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி எவ்வளவு பொறுமை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

மாதம் ஒரு தரம் மாயகிருஷ்ணன் கடைக்கு வருவான். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவான். நேராகக் கேட்க மாட்டான். "அக்கா எப்படி இருக்கா அத்தான்?" என்பான். அடுத்த மாதம் ஆகிவிடும் என்பேன். ஆவணியில் அடுத்த மாதம், புரட்டாசியில் அடுத்த மாதம். சரக்கு நாளைக்கு வரும் என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் தெரிகிறது. புரட்டாசியில் வந்தபோது, அவன் மகளுக்கு என்று நான் கொடுத்த கடலை மிட்டாயை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அக்காவைத் திட்டிராதீங்க அத்தான். அவ சின்னதுலருந்தே வாய்க்கு ருசியாத் தின்னு பழகிட்டா" என்றான். அவனும் அப்படித்தான் நம்பியிருந்தான்.

ஐப்பசி மழையில் ஒரு திங்கட்கிழமை காலை, குளிக்கப் போனவன் கதவருகில் விழுந்தான். மறுநாள் அவனுக்கு ஆஸ்பத்திரி முறை. அதுவரை தாங்கவில்லை.

பந்தலில் சுகுணா அழுதுகொண்டிருந்தாள். விஜி போய் அவளைக் கட்டிக்கொள்ளக் குனிந்தபோது, சுகுணா நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. "ஆறு மாசம் ஒங்க வாயைக் கட்ட முடியலயே மதினி" என்றாள்.

அங்கே ஒரு நாற்பது பேர் இருந்திருப்பார்கள். நாற்பது பேரும் என் மனைவியின் உடம்பைப் பார்த்தார்கள். இடுப்பை, கையை, ரவிக்கை பிதுங்குகிற இடத்தை. விஜி சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். மூடுகிற அளவுக்குச் சேலை போதவில்லை. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை ஒழுகுகிறது, அந்தப் பக்கம் கட்டுங்கள் என்று யாரிடமோ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் சாப்பிடுவது கிடையாது. சாப்பிடு என்றால் தட்டில் கை வைப்பாள், பிறகு எழுந்துவிடுவாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கண்ணுசாமி கடையில் பார்சல் வாங்கி வந்தேன். வாசனை பட்டதும் பின்வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். கொசுறுக்கு வேலையே கிடையாது இப்போது. மார்கழி பிறந்து முதல் திங்கட்கிழமை, நான் கூப்பிடாமலே கடைக்கு வந்தாள். வளையல் கழற்ற வேண்டியிருக்கவில்லை, அதுவே கழன்று விழுந்தது. பெரிய தராசில் ஏறினாள். அறுபத்தொன்பது கிலோ நானூறு. மூச்சைப் பிடிக்காமல், மூட்டைகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"வந்திருச்சுங்க" என்றாள்.

கூலியாட்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரம்தான் அவள் சமையலறையைக் காலி செய்தாள். எனக்கெதுக்கு இனிமேல் என்று, கம்பு மாவை ஒரு பேப்பர் பையில் கொட்டி உங்கள் அம்மாவுக்கென்று உங்களிடம் கொடுத்துவிட்டாள். பேப்பரில் எண்ணெய் ஊறி, ஊடு தெரிந்திருக்கிறது. எண்ணெய்க்கடைக்காரன் நான், எனக்கு அது தோன்றவே இல்லாமல் போனது பாருங்கள். அந்தப் பையை என் மேசையில் வைத்துவிட்டு நீங்கள் குரலே உயர்த்தாமல் சொன்னீர்கள். "கம்பு மாவு பேப்பர்ல இப்படி எண்ணெய் விடாது அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமைக்குள்ள அக்காட்ட நீங்களே சொல்லிருங்க. அவிய தன்னாலதான் தம்பி செத்தான்னு நெனச்சு சாகக் கெடக்காவ."

சரி என்றேன். சரி என்று சொல்வதில் எனக்கு எந்தக் காலத்திலும் சிரமம் இருந்தது கிடையாது.

பட்டியல் அவ்வளவுதான். கடலை, மோர், சால்னா எண்ணெய். ஒரு நாளைக்கு ஐநூறு கலோரி தேறும் என்று நினைக்கிறேன், நீங்கள் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். யாருக்கும் நான் விஷம் வைக்கவில்லை. என் மனைவிக்குச் சாப்பாடு போட்டேன். பொண்டாட்டியைப் பட்டினி போட்டவனைத்தான் ஊரில் குற்றவாளி என்பார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், நாளில் பாதி நேரம் அது நியாயமாகவே படுகிறது. மீதி நேரம் அந்தச் சேலையை இழுத்து மூடிய கை கண்ணுக்குள் நிற்கிறது.

இன்று காலை நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். விஜி அடுப்படியில் காலி மாவு டப்பாவைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் ஏதோ கேட்டிருக்கிறீர்கள் போல. டப்பாவைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த மாவுல நீங்க எதும் சேத்தீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. அவள் முகத்தில் ஓர் ஆசை இருந்தது. பத்தொன்பது வருடமாகப் பார்க்கிற முகம், எனக்குத் தெரியாதா? ஆமாம் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்கிற ஆசை. நான் ஆமாம் என்று சொன்னால், அவள் தம்பியை அவள் கொல்லவில்லை. இன்றைக்கே ஒரு வாய் சோறு தின்றிருப்பாள். பிறகு என்னோடு இருந்திருக்க மாட்டாள்.

இந்தக் காகிதத்தை உங்களிடம் சேர்த்துவிடுகிறேன். இதை அவளிடம் காட்டாமல், தைராய்டு கோளாறால் எடை குறையாமல் இருந்திருக்கும் என்று ஏதாவது சொல்லி அவளைச் சாப்பிட வையுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள். மறுக்காமல் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான்.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவளிடம் நான் "இல்ல" என்றேன். இரண்டாம் தரம் கேட்டாள், இரண்டாம் தரமும் "இல்ல விஜி" என்றேன். டப்பாவை மூடி மேலே எடுத்து வைத்துவிட்டாள். நாற்பது வருடம் அப்பா என்னை வீணாகப் பயமுறுத்திவிட்டார். அது அப்படி ஒன்றும் கஷ்டமான சொல் இல்லை.